இருநூற்றுப் பன்னிரண்டாவது பெயர்

கமர் நிஷாவுக்கு அன்றைக்கு மூன்று பாட வகுப்புகளும் ஓர் ஆய்வக வகுப்பும் இருந்தன. ஒரே நாளில் அத்தனை வகுப்பு எந்தக் கல்லூரியிலும் ஒருவர் தலையில் கட்டமாட்டார்கள். ஆனால் கணினித் துறையில் ஆள் இல்லை. பாளையங்கோட்டைக்குத் தெற்கே, நாகர்கோவில் சாலையில் இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில் ஒன்றரை வருடத்துக்கு முன்பு கணினி கற்றுக்கொடுக்க ஒன்பது பேர் இருந்தார்கள். இப்போது, 1998 நவம்பரில், மூன்றே பேர். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி தெரியாமல் குழம்பிவிடும், அதைச் சரிசெய்ய ஆள் வேண்டும் என்று அமெரிக்காவிலிருந்து வலை வீசிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஒரு ராஜினாமாக் கடிதம் வரும். திங்கட்கிழமை ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கும்.

இதைத் தடுக்கத்தான் துறைத் தலைவர் வைத்தியலிங்கம் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். நாற்பத்தாறு வயது, காதோரம் நரைத்த மனிதர். துறையின் பழைய சாமான் அறையைக் காலிபண்ணி, வெள்ளையடித்து, மூன்று கம்ப்யூட்டர் போட்டார். "இங்கனயே நல்ல வேல இருந்தா எவம்வே ஊர விட்டுப் போவான்?" என்று நிர்வாகத்திடம் சண்டை போட்டு வாங்கிய அறை அது. பாடம் நடத்துகிற நேரம் போக மீதி நேரத்தில் ஆசிரியர்களே மென்பொருள் எழுதுவது, வெளியே கொடுப்பது என்று ஏற்பாடு.

முதல் வேலை, அம்பை என்று ஊர்க்காரர்கள் சொல்லும் அம்பாசமுத்திரத்தில் நாற்பது படுக்கை கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து வந்தது. நோயாளிகளின் பெயர், ஊர், ரத்த வகை எல்லாவற்றையும் பதிந்து வைத்து, ஆளுக்கொரு அட்டை அச்சடித்துக் கொடுக்கும் நிரல். எழுதியவன் ஸ்ரீராகவ். கெட்டிக்காரன். எழுதி முடித்த மூன்றாம் வாரம் நியூஜெர்சிக்கு விமானம் ஏறிவிட்டான். அதைச் சோதித்துப் பார்த்து, 'சரியாக இயங்குகிறது' என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட்டவள் கமர் நிஷா. இருபத்தேழு வயதில், தன் பெயருக்குக் கீழே 'சோதனைப் பொறுப்பாளர்' என்று அச்சில் பார்த்தபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆய்வகத்தில் ரெனிஷா என்ற மாணவி கையைத் தூக்கினாள்.

"மிஸ், இதுல என்னமோ கோளாறு. ஒரு பேர அழிச்சதும் மத்தவங்க மார்க்கெல்லாம் மாறுது. என்னோட எண்பத்தேழு இப்ப முத்துச்செல்விக்குப் போயிட்டு."

வகுப்பு சிரித்தது. முத்துச்செல்வி எழுந்து நின்று கும்பிடு போட்டாள். கமர் நிஷாவும் சிரித்துக்கொண்டே போய்த் திரையைப் பார்த்தாள். பார்த்தவள் சிரிப்பு பாதியில் நின்றது.

ரெனிஷா செய்துகொண்டிருந்த பயிற்சி அவள் கொடுத்ததுதான். பெயர்கள் ஒரு கோப்பில், மதிப்பெண்கள் இன்னொரு கோப்பில். முதல் பெயருக்கு முதல் மதிப்பெண், பத்தாவது பெயருக்குப் பத்தாவது மதிப்பெண் என்று வரிசை எண்ணை வைத்து இரண்டையும் சேர்ப்பது. நடுவில் ஒரு பெயரை அழித்தால் பெயர்க் கோப்பில் கீழே உள்ளவர்கள் எல்லாரும் ஒரு படி மேலே ஏறிவிடுவார்கள். மதிப்பெண் கோப்போ இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் அவருக்கு முந்தியவரின் மதிப்பெண்தான் வரும்.

அந்தப் பயிற்சியை அவள் சொந்தமாக எழுதவில்லை. ஸ்ரீராகவின் நிரலிலிருந்து நாற்பது வரிகளை அப்படியே எடுத்து, 'நோயாளி' என்று இருந்த இடத்தில் 'மாணவி' என்றும், 'ரத்த வகை' என்று இருந்த இடத்தில் 'மதிப்பெண்' என்றும் மாற்றியிருந்தாள்.

சோதித்தபோது அவள் நூறு பெயர்களைச் சேர்த்துப் பார்த்திருந்தாள். தேடிப் பார்த்திருந்தாள். அச்சடித்துப் பார்த்திருந்தாள். அழித்துப் பார்த்தபோது கடைசிப் பெயரை அழித்துப் பார்த்தாள். கடைசிப் பெயருக்குக் கீழே யாரும் இல்லை. அதனால் ஒன்றும் மாறவில்லை.

அலுவலகத்துக்கு ஓடிப்போய் அம்பாசமுத்திரத்துக்குப் போன் போட்டாள். மூன்று தடவையும் கொர்ரென்ற இரைச்சல்தான். ஒரு வாரமாக மழை. மேற்கே லைன் எல்லாம் கோளாறு என்றார் கிளார்க்.

வைத்தியலிங்கம் அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். பிறகு கம்பெனி அறைக்குப் போய், தானே ஐந்து பெயர்களைப் பதிந்து, இரண்டாவதை அழித்துப் பார்த்தார். அப்புறம் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நாளைக்குத் தென்காசியில இருந்தும் நாகர்கோவில்ல இருந்தும் மூணு டாக்டருங்க இதப் பாக்க வாராங்க. தெரியும்லா?"

"தெரியும் சார்."

"திங்கக்கிழம நானே அம்பைக்குப் போயி மாத்திட்டு வந்திருதேன். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்."

"அதுக்குள்ள யாருக்காவது மாத்தி ரத்தம் ஏத்திட்டா?"

"ஏத்துறதுக்கு முன்ன எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஒரு தடவ ரெண்டு ரத்தத்தையும் கலந்து பாப்பாங்கம்மா. அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. அதும்போக, பேர அழிச்சாத்தானே தப்பு? அங்கன யாரு அழிச்சிருக்கப் போறா?"

"அழிக்க நாந்தான் சார் சொல்லிக் கொடுத்தேன். ஒரு ஆள் ரெண்டு தடவ பதிஞ்சிட்டா ஒண்ண அழிச்சிருங்கன்னு."

வைத்தியலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த மாசத்துக்குள்ள இன்னொரு ஆர்டர் வரலைன்னா இந்த ரூம காலிபண்ணச் சொல்லியிருக்காங்க நிஷா. சோதிச்சுப் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டது நீ. யோசிச்சு எதுவும் செய்யி."

அவர் மிரட்டினாரா, தன் பயத்தில் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அரைநாள் விடுப்பு எழுதி அவர் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

திருநெல்வேலி ஜங்ஷன் பேருந்து நிலையத்துப் போன் கடையிலிருந்து மேலப்பாளையத்தில் பக்கத்து வீட்டுக்குப் பேசி உம்மாவைக் கூப்பிடச் சொன்னாள். "அம்பைக்கு ஒரு வேலையாப் போறேன் உம்மா. வர நேரமாகும்."

"தனியாவா போற? என்னட்டி குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"மழையில நனைஞ்சிட்டேன்."

சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று பேருந்து ஒவ்வோர் ஊராக நின்று நின்று போனது. ஏறுகிற முகங்களை எல்லாம் அவள் பார்த்தாள். இவர்களில் யார் பையில் அந்த அட்டை இருக்கிறதோ? பிளாஸ்டிக் உறை போட்ட, தண்ணீர் பட்டாலும் அழியாத அட்டை. அப்படி உறை போடலாம் என்று யோசனை சொன்னதே அவள்தான். முன்சீட்டில் ஒரு கிழவர் இருமினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் போலீஸ் ஜீப் ஒன்று மேலப்பாளையம் தெருவுக்குள் நுழைவது தெரிந்தது. திறந்தால் மழை.

அந்த மருத்துவமனையை நடத்திய டாக்டர் சுப்புலக்ஷ்மி அளந்து பேசுகிறவர். கமர் நிஷா சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முடித்ததும் மணியடித்து, "மரியம்மாளக் கூப்பிடுங்க. ரத்தப் பரிசோதனை நோட்ட எடுத்துட்டு வரச் சொல்லுங்க," என்றார்.

மரியம்மாள் அங்கே மூத்த நர்ஸ். புன்னக்காயல்காரி. கணவனைக் கடலில் இழந்து, இரண்டு பெண்களைக் கரையேற்றிய ஐம்பது வயசுக்காரி. கம்ப்யூட்டரில் பெயர் பதிவதும் அவள் வேலைதான். விஷயத்தைக் கேட்டதும் நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒண்ண அழிச்சேன் டாக்டர். போன மாசம். ஒரு பொம்பள பேரு ரெண்டு வாட்டி விழுந்துட்டுன்னு."

"எத்தனாவது பேரு?" கமர் நிஷா கேட்டாள்.

"இருநூத்திப் பன்னண்டு."

பட்டியலில் இப்போது இருநூற்று எழுபத்து மூன்று பேர் இருந்தார்கள்.

மூவரும் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக ஒத்துப்பார்த்தார்கள். மரியம்மாள் நோட்டிலிருந்து வாசிப்பாள். கமர் நிஷா திரையில் இருப்பதைச் சொல்வாள். டாக்டர் ஒரு தாளில் குறிப்பார். நோட்டில் ஓ பாசிட்டிவ், திரையில் ஓ பாசிட்டிவ்: தப்பித்தது. நோட்டில் ஏ, திரையில் பி: டாக்டரின் பேனா ஒரு கோடு கிழிக்கும். அந்தக் கோடு ஒவ்வொன்றும் கமர் நிஷாவின் தோலில் விழுவது போல இருந்தது. அறுபத்திரண்டு பேரில் முப்பத்தெட்டு பேருக்குத் தப்பு. எல்லாருக்கும் அட்டை கொடுத்தாகிவிட்டது.

இருநூற்று அறுபதாவது பெயருக்கு வந்தபோது மரியம்மாள் வாசிக்காமல் நிறுத்தினாள்.

"பேச்சியம்மாள், மாஞ்சோலை. ஓ நெகட்டிவ்."

திரையில் பி பாசிட்டிவ் என்று இருந்தது.

டாக்டர் சுப்புலக்ஷ்மி பேனாவை வைத்துவிட்டார். முதல்முறையாக அவர் முகம் மாறியது.

"இந்தப் பொண்ணுக்குச் செவ்வாக்கிழமை பிரசவம் பார்த்தேன். அட்டையில பாசிட்டிவ்னு இருந்தது. நோட்டைப் பார்க்கணும்னு எனக்குத் தோணலை."

அவர் கமர் நிஷாவுக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னார். தாய்க்கு நெகட்டிவ், பிள்ளைக்குப் பாசிட்டிவ் என்றால், பிரசவத்தில் பிள்ளையின் ரத்தம் தாயின் உடம்பில் கொஞ்சம் கலந்துவிடும். தாயின் உடம்பு அதைப் பகையாகப் பதிந்து வைத்துக்கொள்ளும். இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த பிள்ளை வயிற்றில் வரும்போது அதன் ரத்தத்தை உடம்பே அழிக்க ஆரம்பித்துவிடும். அதைத் தடுக்க ஓர் ஊசி இருக்கிறது. பிரசவமான எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

"அவ எங்க இப்ப?" என்று கமர் நிஷா கேட்டாள்.

"நேத்தே வீட்டுக்கு அனுப்பிட்டோம். சுகப்பிரசவம். மாஞ்சோலை எஸ்டேட்டுக்குப் போயிட்டா," என்றாள் மரியம்மாள்.

"செவ்வாக்கிழமை எத்தனை மணிக்குப் பிறந்தது?" என்றார் டாக்டர்.

மரியம்மாள் இன்னொரு நோட்டைப் புரட்டினாள். "மத்தியானம் ரெண்டு நாப்பது."

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு நாற்பதுக்குக் கெடு. இப்போது வியாழன் மாலை ஐந்தரை. எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போகவில்லை. மலைக்குப் போகிற பேருந்து இனி மறுநாள் காலையில்தான். வாடகைக் கார்க்காரர் இருவரும் மழையில் மலையேற மாட்டோம் என்று கையை விரித்தார்கள். டாக்டரோ, வலியெடுத்துப் படுத்திருக்கும் இரண்டு பேரை விட்டுவிட்டு நகர முடியாது.

"மரியம்மாள் காலை வண்டியில போகட்டும்," என்றார் டாக்டர். "பிள்ளைக்கு என்ன வகைன்னு பார்த்துட்டு இருக்க வேண்டாம். போட்டுடுங்க."

"நானும் போறேன் டாக்டர்."

"நீ எதுக்கு? ஊசி போடத் தெரியுமா?"

கமர் நிஷா தெரியாது என்று தலையாட்டினாள். டாக்டர் அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"சரி, போ. அவங்ககிட்ட சொல்ல வேண்டியதை நீயே சொல்லு. நான் சொல்லிக்கொடுத்து மரியம்மாள் சொல்றது முறையில்லை."

இரவு நர்ஸுகள் தங்கும் அறையில் ஒரு பாயில் கிடந்தாள். தூங்கவில்லை.

காலைப் பேருந்தில் மரியம்மாள் ஐஸ் போட்ட பிளாஸ்க்கை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே மருந்துக் குப்பி. மணிமுத்தாறு சோதனைச் சாவடி தாண்டியதும் சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு வளைவிலும் பேருந்து ஒருமுறை நின்று, பின்னுக்கு வந்து, பிறகு திரும்பியது. கமர் நிஷா கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பத்து மணிக்குப் பேருந்து நின்றது. சாலைக்குக் குறுக்கே பெரிய மரம் ஒன்று வேரோடு விழுந்து கிடந்தது. கண்டக்டரும் நாலைந்து தொழிலாளிகளும் இறங்கி அரிவாளால் கிளைகளைக் கழித்தார்கள். அடிமரம் அசையவில்லை. பதினொன்றாயிற்று. பதினொன்றேகால் ஆயிற்று.

"அண்ணாச்சி, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று மரியம்மாள் கண்டக்டரைக் கேட்டாள்.

"ஏழு கிலோமீட்டர் இருக்கும்மா. நடந்து போவாதிய. நேத்து இந்த ரோட்டுல ஆன நின்னுருக்கு."

மரியம்மாள் கமர் நிஷாவைப் பார்த்தாள். கமர் நிஷா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மரத்தின்மேல் ஏறினாள்.

மழை விட்டிருந்தது. ஆனால் மேகம் தரையோடு இறங்கி, பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. காலில் அட்டைப் பூச்சிகள் ஏறின. பிடுங்கிப் போட நேரமில்லாமல் நடந்தார்கள். ஓர் இடத்தில் சாலை நடுவே யானைச் சாணம் கிடந்தது. அதிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"கடல்ல புயலடிச்சாகூட எனக்கு இப்பிடி இருக்காது தாயி," என்றாள் மரியம்மாள் மெல்லிய குரலில். "கடல்ல எது எங்கன இருக்குன்னு தெரியும். இது என்னன்னே தெரியல."

அடுத்த வளைவில் மேட்டுப் பக்கம் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று. இருவரும் பாறையோடு ஒட்டி நின்றார்கள். மேகத்துக்குள் என்னவோ பெரியதாக மூச்சு விட்டது. மரியம்மாளின் உதடுகள் ஜெபத்தில் அசைந்தன. கமர் நிஷாவுக்குத் தெரிந்த துவாக்கள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. யா அல்லா, யா அல்லா என்று அது மட்டும்தான் வந்தது. ஓடலாமா என்று கால் கேட்டது. ஓடினால் பிளாஸ்க் உடையும் என்று மனம் சொன்னது. சத்தம் பைய மேலே நகர்ந்து, தூரமாகி, நின்றது. கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றாகப் பத்து நிமிடம். எவ்வளவு நேரம் அங்கே நின்றார்கள் என்று அவளுக்குக் கணக்கே இல்லை.

அதற்குப் பிறகு இருவரும் பேசவேயில்லை. வேகமாக நடந்தார்கள்.

எஸ்டேட்டில் தொழிலாளர் வீடுகள் வரிசை வரிசையாக ஒட்டிக் கிடந்தன. பேச்சியம்மாள் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தபோது மணி இரண்டு. நனைந்து, காலெல்லாம் ரத்தம் வழிய வந்து நின்ற இரண்டு பெண்களைப் பார்த்து அக்கம்பக்கத்துக்காரர்கள் கூடிவிட்டார்கள். மாமியார் வாசலை மறித்து நின்றாள்.

"எதுக்கு இன்னொரு ஊசி? அங்கனயே எல்லாம் போட்டாச்சுன்னுதான அனுப்புனிய? எங்க பிள்ளைக்கு என்ன செஞ்சிய?"

மரியம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். கமர் நிஷா அவள் கையைத் தொட்டு நிறுத்தினாள். பத்துப் பதினைந்து முகங்கள் அவளைப் பார்த்தன. ஐந்து மணி நேரமாக மனதுக்குள் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் இல்லை.

"இவங்க ஒண்ணும் செய்யல. தப்பு என்னோடது. ரத்த வகைய எழுதிக் கொடுக்கிற மெஷினுக்கு வேல சொல்லிக் கொடுத்தது எங்க காலேஜு. அது சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நான். சரியா இல்ல. உங்க மருமகளோட அட்டையில வேற வகை விழுந்துட்டு. அதனால போட வேண்டிய ஒரு ஊசி போடாம விட்டுட்டாங்க. ரெண்டு நாப்பதுக்குள்ள போடணும்."

"போடலைன்னா?" கூட்டத்தில் ஓர் ஆண் குரல்.

"அடுத்த பிள்ள தங்காமப் போயிரலாம்."

சொல்லிவிட்டாள். மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "கெட்டிக்காரின்னு படிக்க வச்சா இப்பிடியா செய்வாளுவ!" என்று யாரோ சொன்னார்கள். ஒருவர் மேஸ்திரியைக் கூப்பிடச் சொன்னார். இன்னொருவர் போலீஸ் என்றார்.

உள்ளேயிருந்து பேச்சியம்மாள் எழுந்து வந்தாள். மெலிந்த பெண். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். தலையில் துண்டு கட்டியிருந்தாள். கையில் அந்த அட்டை.

"அப்ப இதுல இருக்கது யாரு ரத்தம்?"

"உங்களுக்கு முன்னால பேர் பதிஞ்ச ஒருத்தரோடது."

"அவுகளுக்கு?"

"அவங்களுக்கும் தப்பாத்தான் இருக்கும். அவங்களையும் தேடிப் போவோம்."

பேச்சியம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு அவளுடைய காலைப் பார்த்தாள்.

"நடந்தா வந்திய?"

"ஆமா."

"அத்த, வழிய விடுங்க." பேச்சியம்மாள் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து சேலையை விலக்கிக் கையை நீட்டினாள். "சட்டுனு போடுங்க. பிள்ள முழிச்சா பாலுக்கு அழுவான்."

மரியம்மாள் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிளாஸ்க்கில் ஐஸ் பாதி கரைந்திருந்தது. ஆனால் குளிர்ச்சி இருந்தது. அவள் ஊசியை ஏற்றியபோது மணி இரண்டு இருபத்தைந்து. கமர் நிஷா வெளியே வந்து சாக்கடைத் திட்டில் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். யாரோ ஒரு பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போனாள்.

சனிக்கிழமை காலை அம்பாசமுத்திரத்துக்குத் திரும்பி வந்தபோது மருத்துவமனை வராந்தாவில் வைத்தியலிங்கம் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் தாடி. கையில் முப்பத்தெட்டு பெயர் எழுதிய தாள். டாக்டர் கொடுத்ததாம்.

"வந்த டாக்டருங்ககிட்ட உள்ளதச் சொல்லிட்டேன்," என்றார். "காப்பிகூடக் குடிக்காமப் போயிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் பொண்ணுக்கு நேரத்துக்குப் போட்டாச்சா?" என்று கேட்டார்.

"போட்டாச்சு சார்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு அப்படிப் பேசியதற்கு அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருவரும் கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம், சிவந்திபுரம் என்று கதவு கதவாகத் தட்டி அட்டைகளைத் திரும்ப வாங்கினார்கள். சிலர் திட்டினார்கள். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி, அவளும் நெகட்டிவ், அட்டையைக் கொடுத்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் ஆவாதே மேடம்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைக் கமர் நிஷா நீட்டினாள். பம்பாயில் மகன் வீட்டுக்குப் போயிருந்த ஒரு பெரியவர் அட்டையைத் தபாலில் அனுப்பி வைத்தார். முப்பத்தேழு வந்தது. ஒன்று வரவில்லை. வைராவிகுளத்து லாரி டிரைவர் ஒருவன். சரக்கேற்றிக்கொண்டு வடக்கே போனவன் எப்போது வருவான் என்று அவன் வீட்டுக்கே தெரியவில்லை.

டாக்டர் போலீசுக்குப் போகவில்லை. கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினார். வைத்தியலிங்கத்துக்கும் கமர் நிஷாவுக்கும் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வேலை போய்விடும் என்று அவள் இரண்டு வாரம் சாப்பாடு இறங்காமல் இருந்தாள். வேலை போகவில்லை. அவளை அனுப்பிவிட்டால் வகுப்பெடுக்க ஆள் கிடையாது என்பதுதான் காரணம். அது அவளுக்கும் தெரியும். ஸ்ரீராகவுக்கு நடந்ததை எழுதினாள். 'அது தற்காலிகமா எழுதினது நிஷா, மாத்தணும்னு நினைச்சேன், அதுக்குள்ள விசா வந்துட்டு' என்று நான்கு வரியில் பதில் வந்தது. கம்பெனி அறை மறுபடி சாமான் அறையாயிற்று. பொங்கல் கழிந்து, வைத்தியலிங்கமும் பெங்களூரில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். துறையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியை அவளிடம் கொடுத்தபோது, "இங்கனயே இருந்திருதேன்னுதான் நானும் நெனச்சேன்," என்றார். புதிதாகச் சேர்ந்த மூன்று ஆசிரியர்களும் போன வருடம் அவளிடம் படித்தவர்கள்.

நோன்புப் பெருநாள் முடிந்த வாரம், அவள் வகுப்பில் இருக்கும்போது கிளார்க் வந்து கதவில் நின்றார்.

"அம்பாசமுத்திரத்துல இருந்து போன் மேடம். அவசரமாம்."

சாக்பீஸ் கையிலிருந்து விழுந்தது. லாரி டிரைவர், என்று நினைத்தாள். எங்கேயோ ஒரு நெடுஞ்சாலை, எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரி, சட்டைப் பையில் அட்டை. அலுவலகம் வரைக்கும் எப்படி நடந்தாள் என்று தெரியவில்லை. ரிசீவரைக் காதில் வைத்து, "சொல்லுங்க சிஸ்டர்," என்றாள்.

"எம்மா, அந்த லாரிக்காரப் பய வந்துட்டான். நல்லாத்தான் இருக்கான். நாக்பூர்ல லோடு இல்லாமக் கெடந்தானாம். அட்டைய வாங்கிக் கிழிச்சுப் போட்டுட்டேன்," என்றாள் மரியம்மாள்.

கமர் நிஷா கிளார்க்கின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இருக்கியா தாயி? டாக்டர் பேசணும்ங்காங்க. குடுக்கேன்."

சுப்புலக்ஷ்மியின் குரல் எப்போதும் போல நேராக இருந்தது. "எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் வேணும். நானூறு பேருக்கு மேல சேர்ந்துட்டாங்க, நோட்டுல தேடி மாளலை. வேற யார்கிட்டயும் கொடுக்கிறதா இல்லை. நீ எழுது. சனிக்கிழமை சனிக்கிழமை இங்க வந்து உட்காரு. எங்க எங்க தப்பு வரும்னு மரியம்மாளும் நீயும் சேர்ந்து பாருங்க. மூணு மாசத்துக்கு நோட்டையும் அதையும் ஒத்துப்பார்த்துட்டுத்தான் அட்டை."

"எனக்குப் பயமா இருக்கு டாக்டர்."

"இருக்கட்டும். எனக்கும் இருக்கு."

வெளியே வகுப்பில் மாணவர்கள் சத்தம் போட ஆரம்பித்திருந்தார்கள். கமர் நிஷா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"சனிக்கிழம காலைல ஏழு மணி வண்டிக்கு வாரேன்," என்றாள்.